சப்மரீன்ல செத்துப்போன தொரையோட பெட்டிய எப்படி காப்பாத்துறது

சுங்கை சிப்புட் பக்கம் லயத்த காலி பண்ணிட்டு தாமானுக்கு மாறுற சில குடும்பத்துல இன்னும் பழைய தகரப்பெட்டி இருக்கு. ஜப்பான்காரன் வர்றதுக்கு முன்னாடி எஸ்டேட்டுல இருந்த சின்ன தொரை இங்கிலாந்து நேவில சேரப் போறப்ப சமையக்கார தாத்தாகிட்ட குடுத்துட்டு போனது, ஆளு சப்மரீன்ல போய் திரும்பவே இல்ல. பின்னால அவரு அனுப்புன லெட்டர், சாமானும் அதுக்குள்ளதான் இருக்கும். தயவுசெஞ்சு அத பழைய சாமான் லோரில ஏத்திடாதீங்க.

மொதல்ல எதையும் எடுக்காம, இருக்குறது இருந்தபடியே போன்ல படம் புடிங்க. அப்புறம் ஒன்னொன்னா எடுக்கலாம். லெட்டரையும் அதோட கவரையும் மட்டும் பிரிச்சிடவே கூடாது, ஏன்னா ஆளு யாருன்னு சொல்றது அந்த கவருதான். மாலுமியா இருந்தா பேருகிட்ட ஒரு நம்பர் இருக்கும், அதுக்கு முன்னால இங்கிலீஷ்ல பி-ன்னு இருந்தா போர்ட்ஸ்மத், டி-ன்னா பிளிமத்துல இருக்குற டெவன்போர்ட், சி-ன்னா சாத்தம், மூணுமே இங்கிலாந்து நேவியோட தளங்க. தொப்பி ரிப்பன்ல கப்பல் பேர தேடாதீங்க, சண்டை காலத்துல வெறும் எச்.எம்.எஸ். (ராஜாவோட கப்பல்னு அர்த்தம்) மட்டும்தான் போட்டாங்க. ஜப்பான்காரன் வந்ததும் இங்கிலாந்து தபாலும் நின்னுருச்சு, அதனால கடைசி லெட்டர் 1941ஓட முடிஞ்சிருக்கும்.

பேரு கெடச்சா காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தோட வெப்சைட்ல தேடுங்க, காசு கட்ட வேணாம். கடல்ல போனவங்களுக்கு கல்லறை இல்ல, போர்ட்ஸ்மத், பிளிமத், சாத்தம்ல இருக்குற நினைவுத்தூண்லதான் பேரு வெட்டிருப்பாங்க. நம்ம மலாக்கா நீரிணையிலேயே 1944 நவம்பர் 22ல மூழ்குன ஸ்ட்ராட்டஜம்ங்குற இங்கிலாந்து சப்மரீனோட போன ஆளுங்களுக்கும் இதே கததான்.

நம்ம ஊரு ஈரத்துக்கு காகிதம் தாங்காது. லேமினேட் பண்ணாதீங்க, செலோடேப் ஒட்டாதீங்க, ரெண்டுமே பின்னால காகிதத்த கெடுத்துரும். பிளாஸ்டிக் பைய கட்டி மூடுனா உள்ள வேர்த்து பூஞ்சை புடிக்கும். கஞ்சி போடாம தொவச்ச பழைய வேட்டில சுத்தி, சிலிகா ஜெல் பாக்கெட் போட்டு, தரைலயும் வெளிச்சுவர் ஓரத்துலயும் இல்லாம உள்ரூம் அலமாரில வைங்க. ஜெல்ல அப்பப்ப மாத்தணும். பித்தளை பட்டன் கறுத்துருந்தா அப்படியே இருக்கட்டும், பிராசோ பாலிஷ் போட்டா மேல இருக்குற நங்கூரமே தேஞ்சு போயிரும். போட்டோ பின்னால எழுதணும்னா பென்சில்தான், அதுவும் ஓரமா, அழுத்தாம.

சொந்தக்காரங்கள தேட இங்கிலாந்து கோஸ்போர்ட்ல இருக்குற நீர்மூழ்கி மியூசியத்துக்கு ஈமெயில் போடலாம். மொதல்ல படம் மட்டும் அனுப்புங்க, எந்த எஸ்டேட், யாரு வச்சிருந்தாங்கன்னு உங்க தாத்தா பேரையும் சேர்த்தே எழுதுங்க, அத்தன வருஷம் கரையான் அரிக்காம காப்பாத்துனது அவருதான். குடும்பம் கேட்டா பெட்டியோட மொத்தமா குடுங்க, தொப்பி ஒருத்தருக்கு லெட்டர் ஒருத்தருக்குன்னு பிரிச்சுக் குடுக்காதீங்க.