தோட்டத்தில் நீரிழிவு முகாம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

விருந்தினர் வந்து விளக்கேற்றிப் பேசி முடிக்கும்வரை ஊசியைத் தொடாத முகாம்கள் இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களில் நிறைய. இரத்தம் எடுக்கும்போது மணி பதினொன்றாகிவிடும். வெறும் வயிற்றுப் பரிசோதனைக்கு எட்டு மணி நேரம் தண்ணீரைத் தவிர எதுவும் எடுத்திருக்கக் கூடாது. அதனால் இரவுச் சாப்பாட்டை ஒன்பதுக்குள் முடிக்கச் சொல்லி, மறுநாள் காலை ஆறரைக்குத் தொடங்கி எட்டரைக்குள் முடியுங்கள். பேர் (அன்றைய வேலைக் கணக்கு) போகாதபடி ஞாயிறோ, பௌர்ணமி விடுமுறையான போயா தினமோ நல்லது. ஏற்கெனவே நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களை இந்த வரிசையில் பட்டினியாக நிறுத்தாதீர்கள். மருந்தைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் காத்திருந்தால் இரத்தத்தில் சீனி 70க்குக் (mg/dL) கீழே இறங்கி மயக்கம் வரலாம்.

"சாப்பிட்டீங்களா?" என்று கேட்டால் "இல்லை" என்றுதான் பதில் வரும். விடிகாலையில் சீனி போட்டுக் குடித்த தேத்தண்ணியை யாரும் சாப்பாட்டில் சேர்ப்பதில்லை. "தேத்தண்ணி குடிச்சீங்களா, எத்தனை மணிக்கு?" என்று கேளுங்கள். குடித்திருந்தால் அந்த நேரத்தையும் அளவோடு எழுதுங்கள். அதை வெறும் வயிற்று அளவாகப் பதியக் கூடாது.

நுவரெலியாப் பக்கத்துக் காலைக் குளிரில் விரல் விறைத்திருக்கும், துளி வராது. அதற்காக விரலைப் பிழிந்தால் திசுநீர் கலந்து அளவு பிழைக்கும். வெந்நீரும் சவர்க்காரமும் வையுங்கள். கை சூடாகும், ஒட்டியிருக்கும் சீனியும் போகும். ஈரத்தை நன்றாகத் துடைத்த பிறகே குத்த வேண்டும். கொழுந்து பறிப்பவர்களின் பெருவிரலும் சுட்டுவிரலும் காய்த்துப்போயிருக்கும். மோதிர விரலின் பக்கவாட்டில் குத்துங்கள். ஆளுக்கு ஒரு புது ஊசி, அதில் சிக்கனம் வேண்டாம். பாவித்த ஊசிகளை மூடியுள்ள தடித்த பிளாஸ்டிக் போத்தலில் போட்டு வைத்தியசாலையில் ஒப்படையுங்கள். லயத்துக் (தொழிலாளர் வரிசை வீடுகளின்) கானில் வீசிவிடாதீர்கள், அங்கே பிள்ளைகள் விளையாடுகிறார்கள். இரத்தத் துளியை வைக்கும் பரிசோதனைப் பட்டையான ஸ்ட்ரிப் உள்ள போத்தலை ஒவ்வொரு முறையும் உடனே மூடுங்கள். மூடுபனியின் ஈரம் பட்டால் ஸ்ட்ரிப் கெட்டுவிடும்.

இடுப்பளவை ஸ்வெட்டருக்கு மேல் எடுக்காதீர்கள். கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை விட்டபின் அளக்க வேண்டும். ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்களுக்கு 80, அதைத் தாண்டினால் கவனம்.

விரல் குத்திய அளவை வைத்து "உங்களுக்குச் சீனி வருத்தம்" என்று யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். வெறும் வயிற்றில் 100 முதல் 125 வரை நீரிழிவின் முன்நிலை. 126ஐத் தொட்டால் நாளத்திலிருந்து இரத்தம் எடுத்து ஆய்வுகூடத்தில் உறுதிசெய்ய வேண்டும்.

எங்கள் பார்வையில் மிகப் பெரிய தவறு முகாம் முடிந்த பிறகுதான் நடக்கிறது. அளவெழுதிய துண்டைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அது சேலை மடிப்போடு போய்விடும். ஒரு கொப்பியில் பெயர், லயம், அளவு, கிளினிக் நாள், போனாரா இல்லையா என்று ஐந்து நிரல் போடுங்கள். கிளினிக் போனால் ஒரு நாள் பேர் போகும் என்பதே பலர் போகாததற்குக் காரணம். முகாமுக்கு முன்பே தோட்ட நிர்வாகத்திடம் இதைப் பேசி ஓர் ஏற்பாடு செய்யாவிட்டால், நோயைக் கண்டுபிடித்தும் பலனில்லை. இரண்டு வாரத்தில் கொப்பியோடு லயத்துக்குப் போய் விசாரியுங்கள். அரசாங்க வைத்தியசாலைகளின் ஆரோக்கிய வாழ்வு நிலையங்களில் 35 வயதைத் தாண்டியவர்களுக்கு இலவசப் பரிசோதனை உண்டு. முகாமுக்கு வராதவர்களை அங்கே அனுப்பலாம்.

உணவு விஷயத்தில் "சீனியை நிறுத்துங்கள்" என்று பேசிவிட்டு, கேத்தலிலேயே சீனி கரைத்த தேத்தண்ணியை முகாமில் ஊற்றுகிறோம். ஒரு மட்டக் கரண்டி 4 கிராம். கோப்பைக்கு இரண்டு கரண்டி, நாளைக்கு ஐந்து கோப்பை என்றால் 40 கிராம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் சிறந்த எல்லை சுமார் 25. சீனியைத் தனியே வையுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரைக் கரண்டி வீதம் குறைத்தால் நாக்கு பழகும். கித்துள் கருப்பட்டி பாதுகாப்பானது என்று நினைத்துக் கடித்துக் குடிப்பதும் வேண்டாம், அதுவும் சீனிதான்.

கோதுமை மா ரொட்டிக்கு உருளைக்கிழங்குக் கறி வைத்தால் மாவுக்கு மேல் மாவு. பாதி குரக்கன் மா சேர்த்து, லீக்ஸும் கரட்டும் நறுக்கிப் பிசைந்து, பருப்போ நெத்தலியோ வைத்துச் சாப்பிடலாம்.

மலையில் ஏறி இறங்குபவர்களுக்குத் தனி உடற்பயிற்சி அவசரமில்லை. ஆட்டோ ஓட்டுபவர்கள், கடையில் நிற்பவர்கள், ஓய்வுபெற்றவர்கள்தான் வாரத்துக்கு 150 நிமிடம் வேகமாக நடக்க வேண்டும்.

கர்ப்பகாலத்தில் சீனி கூடியிருந்த தாய்மாரைக் கணக்கில் எடுக்காமல் விடுவதும் வழக்கமாகிவிட்டது. பிரசவத்தோடு அது போய்விட்டது என்று நினைக்கிறார்கள். பின்னாளில் நீரிழிவு வரும் வாய்ப்பு அவர்களுக்கு மிக அதிகம். குடும்பநல உத்தியோகத்தர் மூலம் அவர்களுக்குச் சொல்லியனுப்புங்கள்: குழந்தைக்கு ஆறு வாரமானதும் ஒரு பரிசோதனை, பிறகு ஒன்று முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை.