பழைய அறிவியல் புனைகதை காமிக்ஸ் கையில் கிடைத்தால்: முதல் ஒரு மணி நேரம்

1950களில் அச்சான அமெரிக்க அறிவியல் புனைகதை காமிக்ஸ் ஒன்று முதன்முதலாகக் கைக்கு வந்தால், எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி “இது எவ்வளவு போகும்?” என்பதுதான். அதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். இது எந்த இதழ், முழுசாக இருக்கிறதா, இனிமேல் கெடாமல் எப்படிக் காப்பது என்று முதலில் பாருங்கள். விலையை அப்புறம் விசாரித்துக்கொள்ளலாம்.

படி 1: கையும் மேசையும்

கையைக் கழுவி, ஈரம் போகத் துடையுங்கள். பருத்திக் கையுறை வேண்டாம். நொறுங்கும் ஓரத்தில் நூல் மாட்டி இழுத்துவிடும். மேசையில் வெள்ளைத் தாள் ஒன்றை விரித்து, அதன்மேல் இதழை வையுங்கள். பழுப்புத் துகள் உதிர்ந்தால் தாளில் உடனே தெரியும். இதழைப் பாதிக்கு மேல் விரிக்க வேண்டாம், அதன் முதுகில் (பின் அடித்த மடிப்பு ஓரத்தில்) வெள்ளைக் கோடுகள் விழும்.

படி 2: எந்த இதழ் என்று கண்டுபிடியுங்கள்

இங்கே நேரம் செலவழியுங்கள். எனக்கு மிகவும் பிடித்த வேலையும் இதுதான்.

அட்டையின் உட்பக்கத்திலோ முதல் பக்கத்தின் அடியிலோ பொடி எழுத்தில் ஒரு பத்தி இருக்கும். பதிப்பாளர் பெயர், இதழ் எண், மாதம், ஆண்டு எல்லாம் அதில்தான். அட்டையில் இருப்பதைவிட இதை நம்புங்கள். மறுபதிப்பாக இருந்தாலும் பெரும்பாலும் இந்தப் பத்தியே காட்டிக்கொடுத்துவிடும்.

அந்தப் பக்கம் கிழிந்து போயிருந்தால் அட்டையைப் பாருங்கள். விலை 10 சென்ட் என்றால் பெரும்பாலும் 1962க்கு முந்தையது. அதன்பின் 12 சென்ட் ஆனது. அடுத்து, மேல் மூலையில் தபால்தலை போன்ற சின்ன முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அது 1954இல் உருவான காமிக்ஸ் தணிக்கை அமைப்பின் முத்திரை. 1955இன் தொடக்கத்திலிருந்து அட்டைகளில் வரத் தொடங்கியது. ஆனால் முத்திரை இல்லாததெல்லாம் அதற்கு முந்தையது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். டெல் என்ற காமிக்ஸ் பதிப்பகம் அந்த அமைப்பில் சேரவே இல்லை.

எண்ணை மட்டும் வைத்து முடிவெடுத்தாலும் ஏமாறுவோம். ஈசி (EC) என்ற காமிக்ஸ் பதிப்பகத்தின் ‘வியர்ட் சயின்ஸ்’ 1950இல் தொடங்கியபோது அதன் முதல் இதழின் எண் 12! புதுப் பெயருக்கு, இதழைக் குறைந்த கட்டணத்தில் அஞ்சலில் அனுப்பும் உரிமம் புதிதாக எடுக்கும் செலவை மிச்சப்படுத்த, நின்றுபோன ஒரு காதல் காமிக்ஸின் எண்ணைத் தொடர்ந்தார்கள். 15 வரை போய், அடுத்த இதழுக்கு 5 என்று எண் போட்டார்கள், உண்மையில் அது ஐந்தாவது இதழ் என்பதால். அதனால் 1950இல் ஒரு 12, 1952இல் இன்னொரு 12. எண்ணோடு ஆண்டையும் எப்போதும் சேர்த்தே எழுதுங்கள்.

அட்டையில் பென்சிலால் ஏதாவது தேதி கிறுக்கியிருந்தால் அழித்துவிடாதீர்கள். இதழ் கடைக்கு வந்த நாளைக் கடைக்காரர் குறித்ததாக இருக்கும். அச்சிட்ட மாதத்துக்கு இரண்டு மூன்று மாதம் முந்தியே அது இருக்கும், ஏனென்றால் இதழ்களில் வரப்போகும் மாதத்தை அச்சிடுவதே வழக்கம். எழுபது வருடத்துக்கு முன்னால் ஒருவர் இதழ்க் கட்டைப் பிரித்து அடுக்கிய நாள் அது. எனக்கு அந்தக் கிறுக்கலும் இதழின் ஒரு பகுதிதான்.

சந்தேகம் இருந்தால் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்றை எடுங்கள். அசலில் கறுப்பு எழுத்துகள் முழுக் கறுப்பு மையில் விளிம்பு தெளிவாக இருக்கும். ஸ்கேன் செய்து அச்சிட்ட நகலில் எழுத்துகூட வண்ணப் புள்ளிகளால் ஆகியிருக்கும். அளவுகோலும் உதவும். 1950களின் தொடக்க இதழ்கள் ஏறக்குறைய 7¾ அங்குல அகலம், 10½ அங்குல உயரம். அதைவிட மிகப் பெரிதாக இருந்தால் மறுபதிப்பாக இருக்கலாம்.

படி 3: பக்கங்களை எண்ணுங்கள்

1950களின் நடுப்பகுதியில் பெரும்பாலானவற்றில் உள்ளே 32 பக்கங்கள், அதாவது மடித்த எட்டுத் தாள்கள். அதிகம் காணாமல் போவது நடுத்தாள். அது விளம்பரமாக இருந்தால் கதை தடையில்லாமல் ஓடும், படிக்கும்போது குறை தெரியவே தெரியாது. அதனால் கதையைப் பார்க்காமல் விரலால் எண்ணுங்கள்.

கூப்பன் வெட்டிய ஓட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள். மறுபக்கத்துப் படமும் கூடவே போயிருக்கும். அட்டையின் மேல்பகுதி நேராக வெட்டப்பட்டிருந்தால், விற்காத பிரதிக்குப் பணம் திரும்பப் பெறக் கடைக்காரர் தலைப்பை வெட்டி அனுப்பியதாக இருக்கலாம்.

படி 4: பழுது பார்க்காதீர்கள்

கிழிசலுக்கு டேப் ஒட்டாதீர்கள், பழைய டேப்பை உரிக்காதீர்கள். நான் தொடங்கிய புதிதில் ஒரு விண்வெளி இதழின் முதுகில் மஞ்சளாகிக் கிடந்த டேப்பை நகத்தால் நீக்கினேன். ராக்கெட்டின் பாதி அதோடு வந்துவிட்டது. இன்றும் அதைப் பார்த்தால் மனசு வலிக்கிறது. துருப்பிடித்த ஸ்டேப்பிள் பின்னையும் விட்டுவிடுங்கள், அதை மாற்ற அனுபவமுள்ள கை வேண்டும். பூஞ்சை நாற்றம் வந்தால் மட்டும் மற்ற இதழ்களிடமிருந்து உடனே பிரித்து வையுங்கள்.

படி 5: உறையில் போடுங்கள்

இந்தக் காகிதம் மரத்தை அரைத்துச் செய்த மலிவான நியூஸ்பிரிண்ட். மர இழைகளைப் பிணைக்கும் லிக்னின் என்ற பொருள் அதிலேயே தங்கியிருக்கிறது. காற்றும் வெளிச்சமும் பட்டால் அது பழுப்பாகிறது, கூடவே உருவாகும் அமிலம் இழைகளை உடைக்கிறது. இதை நிறுத்த முடியாது, மெதுவாக்க மட்டும்தான் முடியும்.

அதற்கு அமிலமற்ற அட்டை ஒன்றை இதழின் பின்னால் வைத்து, இரண்டையும் உறைக்குள் நுழைத்துவிடுங்கள். மைலார் எனப்படும் பாலியஸ்டர் உறைதான் சிறந்தது. பாலிப்ரோப்பிலீன் உறையும் போதும், ஆனால் சில வருடங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பிவிசி உறை கண்டிப்பாக வேண்டாம், அதிலிருந்து கசியும் பொருள் மையோடு ஒட்டிக்கொள்ளும். உறை வாங்கும்போது இதழின் அகலத்தை அளந்து வாங்குங்கள். 1950களின் தொடக்க இதழை இன்றைய அளவு உறையில் திணித்தால் ஓரம் மடங்கும்.

பெட்டியில் நிமிர்த்தி வையுங்கள், சாயவிடாதீர்கள். தரையில் வேண்டாம், வெயில் படும் சுவரை ஒட்டியும் வேண்டாம். ஈரப்பதம் 35 முதல் 50 சதவீதத்துக்குள், வெப்பம் 21 டிகிரிக்குக் கீழே இருந்தால் நல்லது. ஈரப்பதம் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பதும் காகிதத்துக்கு ஆகாது.

படி 6: இதழோடு கூடவே பழைய தகர ரோபோ பொம்மை வந்தால்

முதலில் பேட்டரி அறையைத் திறந்து, உள்ளே இருப்பதை எடுத்துவிடுங்கள். கசிந்த பேட்டரி தகரத்தையே அரித்துவிடும். அடியில் ‘மேட் இன் ஆக்குபைடு ஜப்பான்’ என்று இருந்தால், அது போருக்குப் பின் நேசநாடுகள் ஜப்பானைத் தங்கள் ஆளுகையில் வைத்திருந்த காலத்தின் குறி. அந்த ஆளுகை 1952இல் முடிந்தது. அட்டைப்பெட்டி கிழிந்திருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள். பொம்மையைவிடப் பெட்டிதான் அரிது.

கடைசியாக ஒரு நோட்டில் பெயர், எண், ஆண்டு, குறைகள் எல்லாம் எழுதி, முன்பின் அட்டைகளைப் படம் எடுத்து வையுங்கள். கதையை நிதானமாகப் படிக்க ஒரு மறுபதிப்பு கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். கிடைக்காவிட்டால் அசலையே அந்த வெள்ளைத் தாளின் மேல் வைத்து, பக்கத்தின் மேல் மூலையைப் பிடித்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் படியுங்கள்.