'சேவ் ஆஸ்' போட்டே மெஷின் அனுப்புகிறீர்களா? பி.எல்.சி. புரோகிராமில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோயம்புத்தூரில் சாஃப்ட் ஃப்ளோ மெஷின் (துணிக்குச் சாயம் ஏற்றும் மெஷின்) கட்டித் தருபவர்களுக்கு இது தெரிந்த கதைதான். திருப்பூரில் ஒரு சாயப்பட்டறை ஒற்றை ட்யூப் (துணி ஓடும் குழாய்) கேட்கும், பெருந்துறையில் இன்னொன்று நாலு ட்யூபும் தானியங்கி உப்பு டோசிங்கும் (அளந்து சேர்ப்பதும்) கேட்கும். உடனே பி.எல்.சி.யின் (மெஷினைக் கட்டுப்படுத்தும் சின்னக் கம்ப்யூட்டர்) பழைய புரோகிராமை 'சேவ் ஆஸ்' போட்டு, நாலு இடத்தில் மாற்றி, 'ஃபைனல்_புதுசு' என்று பேர் வைத்து அனுப்பிவிடுகிறோம். பெரிய தவறே அதுதான்.

மூடி இன்டர்லாக்கையே (ஆபத்தான நேரத்தில் மூடியைத் திறக்க விடாத தடை) பாருங்கள். பாலியஸ்டருக்குச் சாயம் ஏற்றும்போது உள்ளே 130 டிகிரி வரை, அழுத்தத்தோடு தண்ணீர் இருக்கும். நன்றாக ஆறி, அழுத்தம் முழுக்க வடிந்த பிறகுதான் மூடி திறக்க வேண்டும். வெப்பநிலை 4–20 மில்லியாம்ப் சிக்னலாக (4 என்றால் மிகக் குறைந்த வெப்பநிலை) வந்து, வயர் அறுந்தால் மின்னோட்டம் பூஜ்யமாகிவிடும், அதைச் சோதிக்காத புரோகிராம் மெஷின் ஆறிவிட்டது என்றே எடுத்துக்கொள்ளும். ஒரு மெஷினில் இதைக் கண்டுபிடித்துத் திருத்தினீர்கள், சரி, மற்ற காப்பிகளை யார் திருத்துவது? (மூடிக்கு மெக்கானிக்கல் பூட்டும் கட்டாயம் வேண்டும், புரோகிராமை மட்டும் நம்பாதீர்கள்.) எல்லா மெஷினுக்கும் பொதுவான வேலையை ஃபங்ஷன் பிளாக்காக (ஒருமுறை எழுதி, வேண்டிய இடத்திலெல்லாம் பயன்படுத்தும் புரோகிராம் துண்டு) ஒரே இடத்தில் எழுதி, வெர்ஷன் எண் போட்டு, ட்யூப் எண்ணிக்கை போன்றவற்றை மட்டும் பாராமீட்டராக வெளியே எடுங்கள். பி.எல்.சி. மொழிகளுக்கான ஐஇசி 61131-3 சர்வதேசத் தரம் 1993-லேயே ஃபங்ஷன் பிளாக்கைக் கொடுத்துவிட்டது, நாம்தான் பயன்படுத்துவதில்லை.

அதற்காக எல்லா ஆப்ஷனையும் ஒரே புரோகிராமில் திணித்து, ஆன்-ஆஃப் பட்டனாக ஹெச்.எம்.ஐ.யில் (ஆபரேட்டர் பயன்படுத்தும் ஸ்கிரீன்) திறந்து விடுவதும் தப்பு. டோசிங் டேங்கே இல்லாத மெஷினில் யாராவது டோசிங்கை ஆன் செய்தால், வராத லெவல் சிக்னலுக்காக பேட்ச் நின்றுகொண்டே இருக்கும். ஆப்ஷன்களைப் பாஸ்வேர்டுக்குள் வையுங்கள், சேராத கூட்டணியைப் புரோகிராமே மறுக்கட்டும்.

அப்புறம் சைட்டில் செய்யும் திருத்தம். ராத்திரி ஷிஃப்ட்டில் ஓனர் பக்கத்தில் நிற்க, ஆன்லைனில் (ஓடும் பி.எல்.சி.யிலேயே நேரடியாக) டைமரை மாற்றிவிட்டுக் கிளம்பிவிடுகிறோம், ஆபீஸ் காப்பி பழையதாகவே கிடக்கிறது. என்றைக்காவது பி.எல்.சி. எரிந்து ஆபீஸ் காப்பியை ஏற்றினால் பழைய கோளாறும் கூடவே திரும்பி வரும். கிளம்பும் முன் பி.எல்.சி.யில் இருப்பதைக் காப்பியோடு கம்பேர் செய்து, என்ன மாற்றினோம், ஏன் என்று ஒரு வரி எழுதி வையுங்கள். பிறகு பி.எல்.சி.யிலிருந்து அப்லோடு செய்துகொள்ளலாம் என்று விடாதீர்கள், பல சின்ன பி.எல்.சி.க்களில் கமெண்ட்டுகள் (புரோகிராமுக்குள் எழுதும் விளக்கக் குறிப்புகள்) திரும்பி வராது.

வெர்ஷன் எண்ணை ஹெச்.எம்.ஐ.யின் முதல் ஸ்கிரீனிலேயே காட்டுங்கள், போனில் கேட்டால் ஃபிட்டர் படித்துச் சொல்லிவிடுவார்.