கடலுக்குப் போய்க் களைத்துத் திரும்புகிறவர்களுக்கு

சில வருடங்களுக்கு முன் ஒரு மே மாதம், வேன் பிடித்து 14 பேர் காரைக்குடியிலிருந்து கிளம்பினோம். பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை, கடல் பார்க்க வேண்டும் என்று ஒரே நச்சரிப்பு. திட்டம் போட்டது சித்தப்பா. தேவிபட்டினத்தில் நவபாஷாணம், அப்புறம் திருப்புல்லாணி, உத்தரகோசமங்கை, அங்கிருந்து ராமேஸ்வரம் போய் 22 தீர்த்தமும் ஆடிவிட்டு, சாயங்காலம் தனுஷ்கோடியில் கடல். நடந்தது என்னவென்றால், தீர்த்தமாடி, ஈரத்துணி மாற்றி, சாப்பிட்டு வண்டியைத் திருப்பும்போதே பொழுது சாய்ந்துவிட்டது. இருட்டுகிற நேரத்தில் தனுஷ்கோடிக்குள் விடமாட்டார்கள். பாதி வழியில் திருப்பி அனுப்பினார்கள். தப்பு எங்களுடையதுதான்.

திரும்பும்போது வேனில் யாரும் யாரோடும் பேசவில்லை. அப்பத்தா மட்டும், "நாலு ஊரு பாத்தாச்சு, கடலைப் பாக்கலையே" என்றார்.

அதன்பிறகு ஏழெட்டுத் தடவை போய் வந்துவிட்டோம். செய்யாத தவறில்லை. அடுத்தவர்களாவது தவிர்க்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கோயில் கணக்கும் கடல் கணக்கும்

முதல் தவறு மேலே சொன்னதுதான். கோயிலுக்குப் போகும்போது கடலையும் 'பார்த்துவிட்டு' வருவது. நம் பக்கத்தில் கடல் என்றாலே ஒன்று ராமேஸ்வரம், இல்லாவிட்டால் ஆடி அமாவாசை, தை அமாவாசைத் தர்ப்பணம். இரண்டுக்கும் போகத்தான் வேண்டும். ஆனால் அந்த நாட்களில் நேரம், வரிசை, மடி, ஐயருக்குக் காத்திருப்பது என்று மனசு வேறு வேலையில் இருக்கும். கடலுக்கென்று போனால் கடலுக்கு மட்டும் போங்கள். ஒரே ஒரு கரை போதும். குறைந்தது நாலு மணி நேரம் அங்கேயே இருங்கள். முதல் ஒரு மணி நேரம் எல்லோரும் போட்டோ எடுப்பார்கள், பிள்ளைகள் சண்டை போடும், யாராவது செருப்பைத் தொலைப்பார்கள். அது அடங்கிய பிறகுதான் ஒவ்வொருவராக உட்கார ஆரம்பிப்பார்கள்.

தொலைவும் ஒன்றும் இல்லை. தேவகோட்டை, திருவாடானை வழியாகத் தொண்டிக்கு ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். இவ்வளவு பக்கத்தில் கடலை வைத்துக்கொண்டு, வருடத்துக்கு ஒரு தடவை விடிய விடிய ஓடுவது எதற்கு?

"நான் வண்டியிலயே இருக்கேன்"

இந்த வார்த்தையை நம்புவது அடுத்த தவறு. என் கணக்கில் இதுதான் பெரிய தவறு.

ஒவ்வொரு பயணத்திலும் வயதானவர் ஒருவர் இதைச் சொல்வார். முட்டி வலி, மணலில் கால் புதையும், வெயில் என்று காரணம் அடுக்குவார். நாமும் ஏசியைப் போட்டு விட்டுவிட்டு இறங்கிவிடுவோம். அப்பத்தா நாலு தடவை அப்படி வண்டியிலேயே இருந்திருக்கிறார். ஐந்தாம் தடவை நான் சும்மா விடாமல் கேட்டபோதுதான் விஷயம் வந்தது. அவருக்குக் கடல் என்றால் வேடிக்கை இல்லை. அவருடைய அப்பா பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் பார்க்கப் போனவர். வீட்டு ஆண்கள் கப்பலேறிப் போய், கடிதாசி வருமா, ஆள் திரும்புவாரா என்று வருடக்கணக்கில் காத்திருந்த ஊர்கள் நம்முடையவை. ராமேஸ்வரம் போகும் ரயிலைப் பெரியவர்கள் இன்றும் 'போட் மெயில்' என்கிறார்களே, அது தனுஷ்கோடியில் இறங்கித் தலைமன்னாருக்குக் கப்பலேறிய காலத்துப் பெயர். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்து, பாம்பனிலிருந்து போன ரயிலே கடலோடு போனது அவர் வயதுக்காரர்களுக்கு நேற்று நடந்த மாதிரி. இன்னும் பின்னால் போனால், நகரத்தார் காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து வந்தவர்கள், கடல் கொண்ட நினைவில்தான் வீடுகளை இத்தனை உயரமாக மேடையிட்டுக் கட்டினார்கள் என்று ஒரு கதையே உண்டு. உண்மையோ இல்லையோ, எங்கள் வீட்டுத் திண்ணையில் ஏறும்போதெல்லாம் எனக்கு அது ஞாபகம் வரும்.

சரி, அப்படிப்பட்டவரை எப்படி இறக்குவது? கட்டாயப்படுத்தக்கூடாது. ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுபோனோம், அவ்வளவுதான். ஈர மணல் இறுகி இருக்கும், கால் புதையாது, அங்கே போட்டோம். அலையின் நுனி மட்டும் பாதத்தைத் தொடுகிற மாதிரி. கொஞ்ச நேரம் கழித்து, அவராகவே புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டார். பேரப்பிள்ளைகள் அவரைச் சுற்றி உட்கார்ந்து பர்மாக் கதை கேட்டது அன்றைக்குத்தான். வீட்டில் கேட்டிருந்தால் டிவியை நிறுத்தியிருக்க மாட்டார்கள்.

கிழக்குக் கரையில் சூரியாஸ்தமனம் தேடுவது

சினிமா பார்த்துக் கெட்டுப்போன தவறு இது. தொண்டிக் கரை கிழக்கே பார்த்தது. சாயங்காலம் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால், தென்னந்தோப்பில் போய் விழும். காலை 11 மணிக்கு வந்து இறங்குவது அதைவிட மோசம். மணல் சுடும், கண் கூசும், பிள்ளைகளுக்குத் தலைவலி வரும்.

கிழக்குக் கரைக்கு இரண்டு நேரங்கள்தான் சரி. ஒன்று விடியல். வீட்டிலிருந்து நாலு மணிக்கே கிளம்ப வேண்டும், அது எல்லோருக்கும் ஒத்துவராது. இன்னொன்று பலருக்குத் தோன்றுவதே இல்லை: பௌர்ணமி மாலை. அன்று சூரியன் மறைகிற வேளையில்தான் நிலா கிழக்கே கடலிலிருந்து எழும்பும். முதலில் மங்கிய செம்பு நிறத்தில் ஒரு விளிம்பு, அப்புறம் முழுத் தட்டு, அப்புறம் தண்ணீரில் நம் காலடி வரை ஒரு பாதை. பௌர்ணமிக்கு மறுநாள் என்றால் ஏறக்குறைய ஒரு மணி நேரம் பிந்தும், நன்றாக இருட்டிய பிறகு எழுவதால் அது இன்னும் அழகு. மாசி மகமும் சித்திரா பௌர்ணமியும் நம் பஞ்சாங்கத்திலேயே இருக்கின்றன. தண்ணீர்க் கரையில் கூடி உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிடுவது நமக்குப் புதிதா என்ன.

எந்தக் கடல், எந்தக் காற்று

ராமேஸ்வரம் பக்கத்தில் வடக்கே இருக்கும் பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண் கடல் என்றும், தெற்கே மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். ஒன்று குளம் மாதிரிக் கிடக்கும், மற்றது இரையும். இதைக் கேட்டுவிட்டு வடக்குக் கடல் எப்போதும் சாது என்று நினைப்பதுதான் தவறு. தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் தெற்குப் பக்கம் கொந்தளிக்கும், வடக்கு அமைதியாக இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று வந்தால் நிலைமை தலைகீழ். பாம்பனில் புயல் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்று செய்தி வந்தால், வேனுக்குக் கொடுத்த முன்பணம் போனாலும் போகட்டும்.

சிறு பிள்ளைகளோடு போவதற்குத் தொண்டிப் பக்கத்துக் கரைகளும், உச்சிப்புளி அருகே சவுக்குத் தோப்போடு இருக்கும் அரியமானும் பரவாயில்லை. ஆழம் மெதுவாகத்தான் கூடும். தனுஷ்கோடியின் நுனியில் இருக்கும் அரிச்சல்முனை பார்க்கிற இடம், குளிக்கிற இடம் இல்லை.

அலை அடிக்கும் கடலில் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். கரையில் வந்து குவியும் தண்ணீர், ஏதாவது ஒரு இடத்தில் ஒடுங்கி வேகமாகக் கடலுக்குள் திரும்பும். அந்த இடத்தில் அலை உடையாது, இரண்டு பக்கமும் நுரைக்க நடுவில் மட்டும் அமைதியாகத் தெரியும். நீச்சல் தெரியாதவர் 'இங்கேதான் அலை இல்லை' என்று சரியாக அங்கேயே போய் இறங்குவார். இழுத்துவிட்டால் கரையை நோக்கி நேராகப் போராடக்கூடாது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து, இழுவையைவிட்டு வெளியே வந்தபிறகுதான் கரைக்குத் திரும்ப வேண்டும். அதுவும் முடியாவிட்டால் மிதந்துகொண்டு கையை ஆட்டுங்கள். காப்பாற்றுகிறேன் என்று இன்னொருவர் குதித்தால் இரண்டு உயிர். மூடிய காலி கேனில் கயிற்றைக் கட்டி வீசுவது மேல்.

பெரிய கூட்டமாகப் போகும்போது வருகிற ஆபத்து வேறு. 10 பெரியவர்கள் இருந்தால், பிள்ளைகளை அடுத்தவர் பார்த்துக்கொள்கிறார் என்று 10 பேருமே நினைப்பார்கள். நாங்கள் இப்போது முறை வைத்திருக்கிறோம். அரை மணிக்கு ஒருவர். அந்த அரை மணி அவர் கையில் போன் இருக்கக்கூடாது. மது குடித்தவருக்கு முறையும் கிடையாது, தண்ணீரும் கிடையாது.

நகையைப் போட்டுக்கொண்டு இறங்காதீர்கள். ஈரத்தில் மோதிரம் நழுவும். எங்கள் வீட்டில் ஒரு ஜிமிக்கி போயிருக்கிறது, அதைப் பற்றி இன்னும் பேச்சு ஓயவில்லை.

"சே, கரையெல்லாம் குப்பை"

பாக் நீரிணைக் கரையில் கறுப்பும் பழுப்புமாக நாடா நாடாவாகப் புல் ஒதுங்கிக் கிடக்கும். முதல் தடவை நானும் மூக்கைச் சுளித்தேன். அது கடற்புல். ஆழமில்லாத இந்தக் கடலின் அடியில் வயல் மாதிரி வளர்கிறது. அதை மேய்ந்து வாழ்வது கடற்பசு, மீனவர்கள் ஆவுளியா என்பார்கள். நாட்டிலேயே முதல் கடற்பசு பாதுகாப்பகத்தை 2022-ல் தமிழக அரசு அறிவித்தது இந்தப் பாக் விரிகுடாவில்தான், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரைகளை ஒட்டி. ஆகவே காலில் புல் சிக்கினால் கத்த வேண்டாம். சேற்று மணலில் நடக்கும்போது மட்டும் காலைத் தூக்கி வைக்காமல் உரசி உரசி நடங்கள். திருக்கை புதைந்து கிடந்தால் அதிர்வு தெரிந்து விலகிப் போய்விடும். சொறி மீன் (ஜெல்லி மீன்) பட்டுவிட்டால் மணலைப் போட்டுத் தேய்க்காதீர்கள், கடல் தண்ணீராலேயே கழுவுங்கள்.

குப்பை நாம் போடுவதுதான். உடுத்திக் குளித்த துணியைக் கடலிலேயே விட்டுவருவதும் அதில் சேர்த்தி. அது போய் வலையில் சிக்கும்.

இன்னொன்று, அந்தக் கரை ஒருவர் வேலை செய்யும் இடம். வலை காய்கிற இடத்தில் செருப்போடு நடப்பது, கேட்காமல் படகில் ஏறிப் படம் எடுப்பது, கருவாட்டைப் பார்த்து மூக்கைப் பொத்துவது எல்லாம் நம் களத்துமேட்டில் யாரோ வந்து நெல்லை மிதிப்பது மாதிரிதான். படகில் போக ஆசையா? காரங்காடு என்ற ஊரில் வனத்துறை ஏற்பாட்டில் அலையாத்திக் காட்டுக்குள் கூட்டிப்போகிறார்கள்.

சமையலறையைக் கட்டிக்கொண்டு போவது

மே மாதம் போய்விட்டு, "கடலோரத்தில் மீனே இல்லை, இருப்பதும் யானை விலை" என்று புலம்பக்கூடாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது, மீன் குஞ்சு பொரிக்கும் காலம். நாட்டுப் படகில் வருவது கொஞ்சம்தான்.

ஆகவே கட்டுச்சோறு. புளியோதரை, மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, பால் கூடுதலாக ஊற்றிப் பிசைந்த தயிர்சாதம், சம்புடத்தில் சீப்புச்சீடை. தேங்காய்ச் சட்னி வேண்டாம், வெக்கையில் ஊசிவிடும். தண்ணீர் நினைப்பதைவிட இரண்டு மடங்கு.

எங்கள் வீட்டில் நீண்ட நாள் நடந்த தவறு இங்கேதான். அத்தை முதல் நாள் ராத்திரி 12 மணி வரை சமைப்பார், விடியற்காலையில் கட்டுவார், கரையில் பரிமாறுவார், தூக்குச்சட்டி கழுவுவார், துண்டு எடுத்துக் கொடுப்பார். எல்லோரும் கடல் பார்த்து வருவார்கள், அவர் எங்கள் சாப்பாட்டைப் பார்த்து வருவார். இப்போது புளிக்காய்ச்சல் என் வேலை, பரிமாறுவது சித்தப்பா. போன பௌர்ணமிக்குத் தொண்டிப் பக்கம் போனபோது சித்தப்பா போட்ட தயிர்சாதத்தில் பாதி மணல். யாரும் குறை சொல்லவில்லை.

திரும்புவது எப்படியும் ராத்திரி 10 மணி ஆகிவிடும். மறுநாளைக்கு ஒரு வேலையும் வைத்துக்கொள்ளாதீர்கள். இட்லிக்கு மாவு இருக்கிறதா என்று கிளம்பும் முன்பே பார்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் நிலா எழும்புகிற நேரத்தில் அத்தை அதைத்தான் நினைத்துக்கொண்டிருப்பார்.