எதிர்வெளிச்சத்தில் முகம் கறுக்காமல் இருக்க: ஃபிலிம் கேமராவில் எக்ஸ்போஷர் திருத்தம்

ஜன்னலுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவரை எடுத்தால் ஜன்னல் அழகாக விழும், முகம் கரியாக வரும். வெளிச்சத்தை அளக்கும் மீட்டரில் பழுதில்லை. எதைக் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பல் என்றே எடுத்துக்கொள்வது அதன் குணம். பனியையும் சாம்பலாக்கும், கறுப்புக் கோட்டையும் சாம்பலாக்கும். ஆகவே ஃபிரேமில் வெளுப்பு அதிகமென்றால் வெளிச்சத்தைக் கூட்ட வேண்டும், கறுப்பு அதிகமென்றால் குறைக்க வேண்டும்.

1. ஃபிலிமைப் பாருங்கள். போர்ட்ரா 400, ஹெச்பி5 போன்ற நெகட்டிவ் ஃபிலிம்கள் இரண்டு ஸ்டாப் கூடினாலும் தாங்கும் (ஒரு ஸ்டாப் கூட்டினால் வெளிச்சம் இருமடங்கு, குறைத்தால் பாதி). குறைந்தால்தான் நிழல் பகுதி செத்துவிடும். ஸ்லைடு (நேராகவே பாசிட்டிவ் படம் தரும் ஃபிலிம்) நேர்மாறு: அரை ஸ்டாப் கூடினாலே வெளுப்பில் விவரம் போய்விடும். ஒரே காட்சியை வெளிச்சம் கூட்டிக் குறைத்து மூன்று விதமாக எடுத்து வைப்பது ஸ்லைடுக்குச் சரி, நெகட்டிவுக்கு ஃபிலிம் தண்டம்.

2. கிட்டே போய் அளவெடுங்கள். முகம் மட்டும் ஃபிரேமை நிரப்பட்டும். உங்கள் நிழல் அதன்மேல் விழ வேண்டாம். நிகான் எஃப்எம்2 நடுவிலுள்ள 12 மிமீ வட்டத்துக்கு 60 சதவீத எடை கொடுக்கும். பென்டாக்ஸ் கே1000 ஃபிரேம் முழுவதையும் சராசரி பார்ப்பதால் ஓரத்து ஜன்னல்கூட அதை இழுத்துவிடும். நெருங்க முடியாதா? முகத்தில் விழும் அதே வெளிச்சத்தில் உங்கள் உள்ளங்கையை நீட்டி அளவெடுத்து, ஒரு ஸ்டாப் கூட்டுங்கள் (உள்ளங்கை நடுத்தரச் சாம்பலைவிட வெளுப்பு). அப்பர்ச்சர் (லென்ஸ் துளை) எஃப்/8, ஷட்டர் 1/125 வினாடி என்று காட்டினால் ஷட்டரை 1/60 வையுங்கள். அளவெடுக்கப் பயன்படும் சாம்பல் அட்டையான கிரே கார்டைவிட இதுதான் வசதி, வீட்டில் மறந்து வைத்துவிட்டு வர முடியாது. செல்போன் மீட்டர் ஆப்களும் இதே சாம்பல் கணக்கில்தான் ஓடுகின்றன.

3. அளவெடுக்க வழியில்லை என்றால் உத்தேசம். எதிர்வெளிச்சத்துக்கு +1½ முதல் +2 ஸ்டாப். பனி, வெண்மணல், வெள்ளைச் சுவருக்கு +1 முதல் +2. இருட்டு மேடையில் ஸ்பாட் விழும் முகத்துக்கு -1 முதல் -2.

4. திருத்தத்தைக் கேமராவில் ஏற்றுங்கள். பலரும் தடுக்கி விழும் இடம் இது.

மேனுவல் கேமராவில் ஷட்டரையோ அப்பர்ச்சரையோ மாற்றிவிட்டுப் பழைய இடத்துக்கு வந்து நின்றால் மீட்டர் முள் மேலே நிற்கும். நிற்கட்டும். அதை நடுவுக்குக் கொண்டுவந்தால் செய்த வேலை அத்தனையும் வீண்.

ஆட்டோ கேமராவில் ஸ்டாப்பைக் கூட்டிக் குறைக்கும் காம்பென்சேஷன் டயல் இருந்தால் பிரச்சினையே இல்லை. கேனான் ஏஇ-1-இல் பேக்லைட் பொத்தான் மட்டும் உண்டு, அது 1½ ஸ்டாப் கூட்டும். நிகான் எஃப்இ-யில் செல்ஃப் டைமர் நெம்புகோலை லென்ஸ் பக்கம் தள்ளிப் பிடித்தால் கிட்டே எடுத்த அளவு அப்படியே பூட்டிக்கொள்ளும்.

இவை எதுவும் இல்லையென்றால் ஃபிலிமின் வேகத்தை மீட்டருக்குச் சொல்லும் ஐஎஸ்ஓ டயல்தான் வழி. படம் வெளுக்க எண்ணைக் *குறைக்க* வேண்டும்: 400 ஃபிலிமுக்கு 200 வைத்தால் +1, 100 வைத்தால் +2. 'கூட்டணும்' என்று நினைத்துக்கொண்டே 800-க்குத் திருப்பினால் முகம் இன்னும் கறுக்கும். எண் குறைந்தால் ஃபிலிம் மந்தமானது என்று நினைத்து மீட்டர் அதிக வெளிச்சம் கேட்கும், அவ்வளவுதான் சூட்சுமம். அந்த ஷாட் முடிந்ததும் டயலைத் திரும்ப 400-க்குக் கொண்டுவாருங்கள். லேபிலும் 400 என்றே சொல்லுங்கள். 200 என்றால் டெவலப் நேரத்தைக் குறைத்துவிடுவார்கள்.

5. இரவில் நீண்ட எக்ஸ்போஷர். ஒரு வினாடியைத் தாண்டினால் ஃபிலிம் சோம்பிவிடும். ஹெச்பி5-க்கு மீட்டர் 10 வினாடி சொன்னால் சுமார் 20 கொடுங்கள்.

எல்லாம் சரியாகச் செய்தும் படம் கறுக்கிறதா? பேட்டரியைப் பாருங்கள். ஒலிம்பஸ் ஓஎம்-1 போன்றவை 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காகச் செய்தவை. 1.5 வோல்ட் அல்கலைன் போட்டால் மீட்டர் பொய் சொல்லும், ஜிங்க்-ஏர் போடுங்கள். சோதிக்க: நல்ல வெயிலில், வெயில் முதுகுப்பக்கம் இருக்க, ஐஎஸ்ஓ 400, எஃப்/16, ஷட்டர் 1/500 வைத்துப் புல்தரையைக் காட்டினால் முள் நடுவை ஒட்டி நிற்க வேண்டும்.