பழைய காருக்குப் புது ஒயரிங்: கட்டிப் பொருத்தும் முறை

அம்பாசிடரோ பியட்டோ, டிங்கரிங்கும் பெயிண்டிங்கும் முடிந்து வண்டி பளபளவென்று நிற்கும்போது, ஒயரிங்கை இரண்டே நாளில் முடித்துவிடலாம் என்று தோன்றும். நீலகிரியில் அந்த அவசரம் ஆகாது. ஊட்டிக்கு ஆடி மழை, குன்னூருக்கு ஐப்பசி மழை என்று ஈரம் மாறி மாறி வருகிறது. மேட்டுப்பாளையம் சாலையின் 14 கொண்டை ஊசி வளைவுகளையும் இரண்டாம் கியரில் ஏறிவரும் வண்டியின் போனட்டுக்குள் சூடும் அதிர்வும் சமவெளியைவிடக் கூடுதல். தளர்ந்த கட்டும் உரசும் ஒயரும் இங்கே சீக்கிரமே தம்மைக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஹார்னஸ் என்பது வண்டியின் ஒயர்களையெல்லாம் சேர்த்துக் கட்டிய கற்றை. பழைய ஹார்னஸைக் கழற்றும்போதே புதியதைக் கட்டும் வேலை தொடங்கிவிடுகிறது. அதைக் கத்தரித்து எடுக்காமல், ஒவ்வொரு முனையிலும் சீட்டுக் கட்டி, கிளிப் பிடித்திருந்த இடங்களை மாஸ்கிங் டேப்பால் குறித்து, முழுதாக வெளியே எடுங்கள். பிளைவுட் பலகையின் மேல் அதைப் பரப்பி, கிளை பிரியும் இடங்களில் ஆணி அடித்துக்கொண்டால், புதிய ஹார்னஸுக்கு அதுவே அச்சு. நிறங்களையும் மாற்ற வேண்டாம். பிரிட்டிஷ் மின்சாதன நிறுவனமான லூகாஸின் முறையில் பழுப்பு என்பது பேட்டரியிலிருந்து பியூஸ் இல்லாமல் வருவது; வெள்ளை என்பது இக்னிஷன் சாவி வழியாக வருவது; பச்சை என்பது அதே சாவி வழியாகப் பியூஸைக் கடந்து வருவது; கறுப்பு என்பது எர்த். கடையில் கிடைத்த ஒரே சிவப்பு ஒயரை எல்லாவற்றுக்கும் ஓட்டுவது, நாளை அந்த வண்டியில் கை வைக்கப்போகும் எலெக்ட்ரீஷியனுக்குச் செய்யும் துரோகம்.

புதிய ஹார்னஸை முதலில் தளர்வாகவே கிடத்துங்கள். எல்லா இணைப்புகளையும் கொடுத்துவிட்டு, பேட்டரி முனைக்கும் எர்த் கேபிளுக்கும் நடுவில் 21 வாட் பல்பு ஒன்றைச் சேருங்கள். சுவிட்சுகள் அனைத்தும் அணைந்திருக்கையில் அந்தப் பல்பு பளிச்சென்று எரிந்தால் எங்கோ ஷார்ட் இருக்கிறது என்று பொருள். அது தீர்ந்த பிறகு, ஸ்டீயரிங்கை இருபுறமும் கடைசிவரை திருப்பி, கதவு, போனட், டிக்கி எல்லாவற்றையும் திறந்து மூடி, ஒயர் எங்கே இழுபடுகிறது, எங்கே நசுங்குகிறது என்று பார்க்க வேண்டும். எஞ்சின் ரப்பர் மவுண்டிங்கின் மேல் ஆடுகிறது. ஆகவே பாடியிலிருந்து எஞ்சினுக்குத் தாண்டும் ஒயரை இரு கரையிலும் பிடித்துவிட்டு, நடுவில் தாராளமாக ஒரு தொங்கல் விட வேண்டும்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். டிக்கியை மூடிய நிலையிலேயே வைத்துக்கொண்டு, கீலோரம் போகும் ஒயரை விறைப்பாகக் கட்டினேன். மூன்றாம் மாதம், மேட்டுப்பாளையம் சாலையில் பர்லியார் அருகே, மூடுபனியில், பின்விளக்குகள் அணைந்துபோயின. பின்னால் வந்த லாரிக்காரர் ஹார்ன் அடித்து நிறுத்திச் சொல்லும்வரை எனக்குத் தெரியாது. பிரித்துப் பார்த்தால், கீலின் விளிம்பு உறையைச் சீவியெடுத்து, செம்பில் இரண்டே இழைதான் மிச்சம்.

தகட்டுத் துளை வழியாக ஒயர் நுழையும் இடமெல்லாம் ரப்பர் குரோமெட், அதாவது துளையின் விளிம்பை மூடும் ரப்பர் வளையம், வேண்டும். புதுப் பெயிண்ட் துளையின் விளிம்பை வழவழப்பாகக் காட்டினாலும், விரலை விட்டுச் சுற்றினால் பிசிறு தட்டுப்படும். அதை அரத்தால் மழித்து, துருத் தடுப்புப் பெயிண்ட் ஒரு கை பூசி, சோப்பு நீர் தொட்டுக் குரோமெட்டை அமர்த்துங்கள். எஞ்சின் பக்கம் ஒயர் அந்தத் துளைக்குக் கீழே சற்றுத் தாழ்ந்து, பிறகு மேலேறி நுழையட்டும். வழிந்து வரும் மழைநீர் அந்தத் தாழ்விலேயே சொட்டிவிடும், டேஷ்போர்டுக்குள் வராது.

எஞ்சின் பகுதியில் ரப்பர் உறையிட்ட உலோகக் கிளிப்தான் சரி. எஞ்சினின் புகை வெளியேறும் சூடான குழாய்த் தொகுதியான மேனிபோல்டுக்கு ஒரு சாணுக்குள் எந்த ஒயரும் போகக் கூடாது. ஒயரைப் பிடித்துக்கொள்ளப் பாடியோடு வெல்டு செய்த மடக்குத் தகடுகள் இருந்தால், அடிக்கடி மடக்கி நிமிர்த்தாதீர்கள், ஒடிந்துவிடும். மற்ற இடங்களில் சாணுக்கு ஒரு பிடி, வளைவுக்கு முன்னும் பின்னும் ஒவ்வொன்று என்பது என் கணக்கு. பிளாஸ்டிக் டை சூட்டில் நாளடைவில் நொறுங்கும். வெட்டிவிட்ட அதன் முனையோ பிளேடு மாதிரி கையைக் கிழிக்கும். அதனால் நான் செருப்பு தைக்கும் மெழுகு நூலை எடுத்து, இரண்டு சுற்றுச் சுற்றி, குறடு தொடாமல் விரலாலேயே முடிச்சை இறுக்குகிறேன். பழைய தொலைபேசி நிலையங்களில் கேபிள் கற்றைகளை மெழுகு நூலால்தான் வரிசையாகக் கட்டுவார்கள். கட்டிய பிறகு ஹார்னஸைப் பிடித்து உருட்டினால் அரைக்கால் திருப்பமாவது திரும்ப வேண்டும். உறையில் பள்ளம் விழுந்திருந்தால் அவிழ்த்துவிட்டு மீண்டும் கட்டுங்கள்.

மேலே சுற்றுவதற்குப் பசையில்லாத பிவிசி டேப்பை வாங்குங்கள். சாதாரண இன்சுலேஷன் டேப்பின் பசை போனட் சூட்டில் இளகி, சில ஆண்டுகளில் மொத்தக் கற்றையும் பிசுபிசுத்துவிடும். ஒவ்வொரு சுற்றும் முந்தையதில் பாதியை மூடட்டும். முனையில் இரண்டு அங்குலம் நிறம் தெரியும்படி விட்டுவிடுங்கள்.

புதுப் பெயிண்டின் மேலேயே எர்த்தைப் பூட்டினால் விளக்கு மங்கும். ஒயர் முனையின் உலோக வளையமான லக் உட்காரும் வட்டத்தை மட்டும் வெறும் தகடு தெரியச் சுரண்டி, பல் வாஷர் வைத்து இறுக்கி, மேலே வாசலின் தடவினால் மூடுபனி ஈரம் அண்டாது.

எல்லாம் கட்டி முடித்ததும் வண்டியை மேட்டுப்பாளையம் வரை இறக்கி ஏற்றிவந்து, எஞ்சின் ஆறிய பின், ஒவ்வொரு கிளிப்பையும் மறுபடி தொட்டுப் பாருங்கள். கார்ப்பெட்டையும் டிரிம் பலகைகளையும் அதற்குப் பிறகே பூட்ட வேண்டும். அப்போதும் ஒவ்வொரு ஸ்குரூவும் இறங்கும் இடத்துக்கு அடியில் ஒயர் இல்லை என்று விரலால் தடவிப் பார்த்த பின்பே ஸ்குரூடிரைவரைக் கையில் எடுங்கள்.