லெப்பர்ட் கெக்கோவுக்கு என்ன பூச்சி போடலாம், கோலாலம்பூர் வீட்டுல வளத்து பாத்த அனுபவம்

என் மொத கெக்கோ பல்லி முத்துவுக்கு ஆறு மாசம் வெறும் மீல்வோர்ம் புழு மட்டும்தான் போட்டேன். வாங்குன கடையில "இது போதும், வேற ஒண்ணும் வேணாம், கால்சியம் பவுடரும் வேணாம்"னு சொன்னாங்க, நானும் நம்பிட்டேன். ஒரு நாள் பாத்தா முன்னங்கால் ரெண்டும் வளைஞ்சு, ஒடம்ப தூக்க முடியாம வயித்த தரையில தேச்சுக்கிட்டு நடந்துச்சு. பல்லி மாதிரி எக்ஸோட்டிக் பிராணி பாக்குற வெட் (கால்நடை டாக்டர்) கிட்ட தூக்கிட்டு ஓடுனேன், கால்சியம் இல்லாம எலும்பு மெலிஞ்சு போச்சுன்னாங்க. பொழச்சுக்கிச்சு, ஆனா கால் வளைவு இன்னிக்கி வரைக்கும் அப்படியேதான் இருக்கு. ஒவ்வொரு தடவ அது நடக்கிறத பாக்கும்போதும் மனசு கஷ்டமா இருக்கும், அதனாலதான் இத இவ்ளோ நீளமா எழுதுறேன்.

மொதல்ல ஒரு விஷயம், லெப்பர்ட் கெக்கோவுக்கு பூச்சிதான் சாப்பாடு. ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா பக்கம் வறண்ட கல்லு பூமியில வாழுற பல்லி இது, காய்கறி பழம் எல்லாம் இதுக்கு செரிக்காது. சோறு, ரொட்டி, கோழி இறைச்சின்னு போட்டு பாக்காதீங்க. உயிரோட அசையிற பூச்சிதான் வேணும், அசையலன்னா முக்கால்வாசி கெக்கோ திரும்பி கூட பாக்காது.

நம்ம ஊர்ல பூச்சி கெடைக்கிறது ஒண்ணும் கஷ்டம் இல்ல. ரெப்டைல் (ஊர்வன) கடைக்குத்தான் போகணும்னு இல்ல, செந்தூல், கெப்போங், செராஸ் எந்தப் பக்கமா இருந்தாலும் முராய், மாத்தா பூத்தே மாதிரி குருவி வளக்கிறவங்களுக்குன்னு ஒரு குருவி கடை இருக்கும், அங்க செங்கெரிக் கேளுங்க, புழு கேளுங்க, வெல கம்மி. செங்கெரிக்னா நம்ம சில்வண்டுதான், ஆங்கிலத்துல கிரிக்கெட். ஷாப்பீ ஆன்லைன்ல ஆர்டர் பண்ணலாம், ஆனா பார்சல் வெயில்ல ரெண்டு நாள் கெடந்தா பாதி செத்துதான் வரும், அதனால வியாழன் வெள்ளியில ஆர்டர் போடாதீங்க, சனி ஞாயிறு கோடவுன்ல மாட்டிக்கும்.

சரி, எந்த பூச்சி நல்லது? "எது பெஸ்ட்"னுதான் எல்லாரும் கேக்குறாங்க, ஆனா அதுக்கு முன்னாடி கால்சியம் பாஸ்பரஸ் கணக்கு தெரிஞ்சுக்கணும். ஊர்வனவுக்கு சாப்பாட்டுல கால்சியம், பாஸ்பரஸைவிட ஒன்றரை ரெண்டு மடங்கு இருந்தா நல்லது. பூச்சியில அது அப்படியே தலைகீழா இருக்கு. செங்கெரிக்ல பாஸ்பரஸ் கால்சியத்தவிட ஏழு மடங்கு இருக்கும், மீல்வோர்ம்ல 15 மடங்குக்கு மேல. பாஸ்பரஸ் அதிகமானா கால்சியம் ஒடம்புல சேராது, அப்புறம் ஒடம்பு தன் எலும்புல இருக்குறதையே எடுத்து செலவு பண்ண ஆரம்பிச்சிடும். முத்துவுக்கு நடந்தது அதேதான். ஆக எந்த பூச்சி வாங்குனாலும் கால்சியம் பவுடர் இல்லாம போடாதீங்க, இதுல சமரசமே கெடையாது.

இப்ப ஒண்ணு ஒண்ணா பாக்கலாம்.

செங்கெரிக்: கொழுப்பு கம்மி, 100 கிராமுக்கு ஆறு ஏழு கிராம்தான். நல்லா ஓடும் குதிக்கும், கெக்கோவுக்கு தொரத்தி பிடிக்கிற வேலை இருக்கும், சோம்பேறியா கெடக்காது. இங்க விக்கிறது பெரும்பாலும் கறுப்பா இருக்கிற ஜாதி. கஷ்டம் என்னன்னா சத்தம், நாத்தம், சீக்கிரம் செத்து போறது. ஃப்ளாட்ல ராத்திரி முழுக்க கத்துனா பக்கத்து வீட்டுக்காரங்க வந்து கதவ தட்டுவாங்க, கத்துறது றெக்க வெச்ச ஆண்தான், அதனால றெக்க முளைக்காத சின்ன சைஸா கேட்டு வாங்குங்க. அப்புறம் இன்னொண்ணு, சாப்பிடாம மிச்சம் விட்ட செங்கெரிக்க தொட்டிக்குள்ள விட்டுட்டு தூங்க போயிடாதீங்க, பசியில அது கெக்கோவோட கால் விரல், கண்ணு ஓரத்தையே கடிச்சிடும். 15 நிமிஷம் பாத்துட்டு மிச்சத்த எடுத்திடுங்க. எடுத்தத மத்த செங்கெரிக் டப்பாவுக்குள்ள திரும்ப போடாதீங்க, கெக்கோ கழிவுல மிதிச்சிட்டு வந்தா கிரிப்டோங்கிற குடல் ஒட்டுண்ணி மாதிரி வியாதி டப்பா முழுக்க பரவி அடுத்த கெக்கோவுக்கும் போகும், கிரிப்டோ வந்தா பாவம் வால் எல்லாம் குச்சி மாதிரி ஆயிடும், மருந்துக்கும் லேசுல கேக்காது.

மீல்வோர்ம்: வெக்கிறது சுலபம், ஓட்ஸ் இல்ல கோதுமை தவிடு போட்டு ஃபிரிட்ஜுல கதவு பக்கம் வெச்சா வாரக்கணக்குல அப்படியே இருக்கும், வாரத்துக்கு ஒருதரம் வெளிய எடுத்து கேரட் துண்டு குடுத்துட்டு திரும்ப வைங்க. ஆனா கொழுப்பு 13 கிராம், தோலு கொஞ்சம் கெட்டி. புழு வயித்த கடிச்சு ஓட்ட போட்டு வெளிய வந்திடும்னு ஒரு கத சுத்துது, அது பொய், கெக்கோ மென்னுதான் முழுங்கும். மீல்வோர்ம் மட்டுமே வாழ்க்கைன்னு வெக்காதீங்க, சுத்தி சுத்தி வர்ற மெனுவுல ஒண்ணா இருக்கட்டும்.

சூப்பர்வோர்ம்: குருவி கடையில மலிவா கெடைக்கும், அதனால எல்லாரும் இதையே அள்ளுறாங்க. கொழுப்பு 18 கிராம் பக்கம். வளந்த கெக்கோவுக்கு வாரத்துல ஒண்ணு ரெண்டு பரவால்ல, குட்டிக்கு வேணாம். இத ஃபிரிட்ஜுல வெச்சா செத்திடும், வெளியதான் வெக்கணும். வேக்ஸ்வோர்ம் இன்னும் மோசம், 25 கிராம் கொழுப்பு, அது சாப்பாடு இல்ல பலகாரம். நம்ம தீபாவளி முறுக்கு அதிரசம் மாதிரி, மாசத்துக்கு ரெண்டு மூணு, இல்லன்னா நோயில மெலிஞ்சு போன கெக்கோவ தேத்த. தெனமும் குடுத்து பழக்குனா வேற எதையும் திங்க மாட்டேன்னு அடம் பிடிக்கும்.

டூபியா: என் வீட்டுல மெயின் சாப்பாடு இதுதான். தென் அமெரிக்கா கரப்பான். கரப்பான்னு சொன்னதும் அம்மா வீட்டவிட்டு போறேன்னு நின்னாங்க, அப்புறம் டப்பாவ காட்டுனேன். வழவழன்னு இருக்கிற பிளாஸ்டிக் சுவத்துல இதால ஏற முடியாது, பறக்காது, கத்தாது, நாத்தம் ரொம்ப கம்மி. சதை நிறைய, கொழுப்பு செங்கெரிக் அளவுதான். குட்டி போடுறதுக்கு 30 டிகிரி பக்கம் சூடு வேணும், வெளிநாட்டுல அதுக்கு தனியா ஹீட்டர் வெக்கிறாங்க, நம்ம ஊர்ல ஏர்கான் இல்லாத ரூம்ல ஒரு மூலையில வெச்சாலே போதும். மார்க்கெட்ல தர்ற 30 முட்டை தட்டு நாலஞ்ச நிக்க வெச்சு அடுக்குங்க, மூடியில ஓட்ட போட்டு வல ஒட்டுங்க. ஒரே எதிரி எறும்பு. நான் டப்பாவ ஒரு தட்டுல தண்ணி ஊத்தி நடுவுல செங்கல் வெச்சு அதுமேல வெச்சிருக்கேன், எறும்பு சாக்பீஸ் மட்டும் கிட்ட வெச்சிடாதீங்க, அது விஷம். ஆனா ஒண்ணு, குட்டி போட்டு பெருகுற வரைக்கும் நாலஞ்சு மாசம் பொறுக்கணும், அது வரைக்கும் செங்கெரிக்கும் மீல்வோர்மும் வாங்கித்தான் ஆகணும்.

பிளாக் சோல்ஜர் ஃபிளை புழு: வழக்கமா தீனிக்கு விக்கிற பூச்சியில இது ஒண்ணுதான் கால்சியம் தானாவே நிறைய உள்ளது, பாஸ்பரஸைவிட ரெண்டு மடங்குக்கு மேல கூட இருக்கும், புழு தின்ன தீனிய பொறுத்து மாறும். குட்டிக்கும் முட்ட போடுற பெண்ணுக்கும் ரொம்ப நல்லது. ஆனா இங்க கோழிக்கும் மீனுக்கும் விக்கிறதுக்கு சாப்பாட்டு குப்பையில வளக்கிற பண்ண இருக்கு, அந்த புழு எத தின்னுச்சுன்னு நமக்கு தெரியாது, அதனால ரெப்டைலுக்குன்னு சுத்தமா வளக்கிறவங்க கிட்டயே கேட்டு வாங்குங்க. காய வெச்சு பாக்கெட்ல வர்றது வேணாம், அசையாது, தண்ணிச்சத்தும் இல்ல.

வாங்குன பூச்சிய அன்னிக்கே போட்டிடாதீங்க. கடையில அதுக்கு சரியா தீனி இருந்திருக்காது, வெறும் வயித்தோட இருக்கிற பூச்சி வெறும் தோலுதான். ஒரு நாள், ரெண்டு நாள் வீட்டுல வெச்சு நல்லா தின்ன விட்டுட்டு அப்புறம் போடுங்க. கேரட், பூசணி, சக்கரவள்ளிக்கிழங்கு, சாவின்னு விக்கிற கீரை எல்லாம் குடுக்கலாம். நம்ம ஆளுங்க வீட்டுப் பக்கத்துல எங்கயாச்சும் ஒரு முருங்க மரம் இருக்குமே, அந்த கீரைய உருவி போடுங்க, சுண்ணாம்புச்சத்து நல்லா இருக்கு, டூபியா காம்பு வரைக்கும் காலி பண்ணிடும். பசலை மட்டும் தவிருங்க, அதுல இருக்கிற ஆக்சலேட் கால்சியத்த கட்டிப்போட்டிடும். மார்க்கெட் கீரையா இருந்தா நல்லா ஊற வெச்சு கழுவுங்க, மருந்து அடிச்சிருப்பாங்க. தண்ணி கிண்ணத்துல வெச்சா செங்கெரிக் முங்கி செத்திடும், கேரட் ஈரமே போதும்.

பவுடர் விஷயம். ஒரு பிளாஸ்டிக் பைக்குள்ள பூச்சியும் ஒரு சிட்டிகை கால்சியமும் போட்டு லேசா குலுக்குனா வெள்ளையா ஒட்டிக்கும், ஒட்டுனதும் உடனே போடுங்க, நேரம் ஆனா பூச்சி தன்னையே தொடச்சு சுத்தம் பண்ணிக்கும். வளர்ற குட்டிக்கு ஒவ்வொரு வேளையும் சாதா கால்சியம், வாரத்துல ஒண்ணு ரெண்டு தடவ வைட்டமின் டி3 கலந்த கால்சியமும் மல்டிவைட்டமினும். டி3 இல்லன்னா கால்சியம் குடல்ல இருந்து ஒடம்புக்குள்ள சரியா ஏறாது, அதே டி3 அளவு மீறுனாலும் ஆபத்து, அதனால டப்பாவுல போட்டிருக்கிற அளவ படிங்க, தோலுல டி3 உண்டாக வைக்கிற யூவிபி லைட் வெச்சிருந்தா இன்னும் கொறைக்கணும். தொட்டி மூலையில ஒரு பாட்டில் மூடியில சாதா கால்சியம் வெச்சிடுங்க, வேணும்னா அதுவே நக்கிக்கும். பவுடர் தீந்து போயி கடை மூடியிருந்தா குருவி கடையில விக்கிற சோத்தோங் எலும்ப, அதாவது கணவாய் ஓட்ட, நல்லா மாவா அரைச்சு அவசரத்துக்கு தடவலாம், அதுவும் கால்சியம்தான், ஆனா டி3 அதுல கெடையாது.

சைஸ் பாக்க ஸ்கேல் வேணாம். கெக்கோவோட ரெண்டு கண்ணுக்கு நடுவுல இருக்கிற அகலத்தவிட பூச்சி பருமனா இருக்கக்கூடாது, அவ்ளோதான்.

வெளிய பிடிச்ச பூச்சி வேணவே வேணாம். நம்ம தாமான்ல டெங்கிக்கு புகை அடிச்சிட்டே இருக்காங்க, வீட்டுக் கரப்பான் எந்த மருந்த மிதிச்சிட்டு வந்துச்சோ யாருக்கு தெரியும். அதவிட பயம் மின்மினி. குவாலா சிலாங்கூர் போயி படகுல கெலிப்-கெலிப் பாத்துட்டு வர்ற பிள்ளைங்க ஆசையா ஒண்ணு பிடிச்சிட்டு வரும். மின்மினி ஜாதி சிலதுல இருக்கிற விஷம் ஒண்ணே ஒண்ணு தின்னாலும் பல்லிய கொன்னுடும், பியர்டட் டிராகன்ங்கிற வளப்பு பல்லி அப்படி செத்திருக்கு. எந்த ஜாதின்னு ஆராய்ச்சி எல்லாம் பண்ணாதீங்க, மின்மினின்னா தொட்டி பக்கமே வரக்கூடாது.

பூச்சி எவ்ளோ நல்லதா இருந்தாலும் வயித்துக்கு சூடு இல்லன்னா செரிக்காது, இத நெறைய பேர் விட்டிடுறாங்க. "மலேசியாவே சூடுதானே, ஹீட் மேட் எதுக்கு"ன்னு சொல்லிட்டு தொட்டிய ஏர்கான் ரூம்ல வெச்சா ராத்திரி 20, 22 டிகிரிக்கு போயிடுது, தின்னது வயித்துலயே நின்னு போயி கக்கிடும். தொட்டியில ஒரு பக்கம் தரை சூடு 32 டிகிரி பக்கம் இருக்கணும், தெர்மோஸ்டாட்டோட.

எத்தன நாளைக்கு ஒருதரம்னா, நாலஞ்சு மாசம் வரைக்கும் குட்டிக்கு தெனமும், அப்புறம் ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஒரு வயசு தாண்டுனா வாரத்துக்கு ரெண்டு மூணு தடவ போதும். ஒரு வேளைக்கு ஒடம்பு நீளம் ஒரு இஞ்சுக்கு ரெண்டு பூச்சி. வால பாருங்க, கொழுப்ப அங்கதான் சேத்து வெக்கும், கழுத்தவிட வால் ரொம்ப பெருத்துட்டா கொறைங்க, மெலிஞ்சா கழிவ எடுத்துக்கிட்டு வெட் கிட்ட போங்க. சமையல் தராசுல மாசத்துக்கு ரெண்டு தடவ நிறுத்து எழுதி வைங்க, கண்ணுக்கு தெரியிறதுக்கு முன்னாடி எட காட்டிக் குடுத்திடும்.

முத்துவுக்கு மொதல்ல செவ்வாய், வெள்ளின்னு வெச்சிருந்தேன். செவ்வாய் வெள்ளி வீட்டுல சைவம், அன்னிக்கி உயிர கொல்ல வேணாம்னு அம்மா கேட்டுக்கிட்டாங்க, அதனால இப்ப புதன், ஞாயிறு. பொங்கலுக்கு ஈப்போ போயி நாலு நாள் கழிச்சு வந்தோம், ஒண்ணும் ஆகல, வளந்த நல்ல கெக்கோவுக்கு அது பெரிய பசி இல்ல, தண்ணி மட்டும் கிண்ணம் நெறைய இருக்கணும். குட்டியா இருந்தா மட்டும் யாராச்சும் ஒருத்தர வந்து போட சொல்லிட்டு கெளம்புங்க.